நார்வே மடியில் செக்கானூரணிப் பிள்ளை

காலையில் செக்கானூரணி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு நார்வே பெண். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறதாம்.

"எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தால், காலி சீட்டில்கூட உட்கார மாட்டோம். நின்றுகொண்டே வருவோம்" என்றாள் ஆங்கிலத்தில். இந்த நெரிசலில் மூச்சு முட்டுகிறது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறாளாம்.

நான் பதில் சொல்வதற்குள் காளவாசலில் ஏறிய ஒரு அக்கா, "இந்தா தாயி, செத்த நேரம் பிடி" என்று கைப்பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு என்னை யாரென்றே தெரியாதே!" என்று என்னைப் பார்த்து விழித்தாள்.

அவள் ஊரில் தள்ளுவண்டியில் பிள்ளையைக் கடைக்கு வெளியே குளிரில் தூங்கவிட்டு, அம்மா உள்ளே காபி குடிப்பாராம். யாரும் தொட மாட்டார்களாம். இதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"அம்புட்டுப் பேரு போறாக, ஒருத்தரும் தூக்க மாட்டாகளா? பாவம்ல பிள்ள!"

அக்கா சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிள்ளை அவள் விரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. பல்கலைக்கழக ஸ்டாப் வந்தது. எழுப்ப மனசில்லாமல் செக்கானூரணி வரைக்கும் வந்துவிட்டாள். என் ஆபீஸும் பல்கலைக்கழக ஸ்டாப்தான். பேச்சு சுவாரசியத்தில் நானும் இறங்கவில்லை.

"நாளைக்கும் அந்த அக்கா இதே பஸ்ஸில் வருவாரா?" என்று கேட்டாள் திரும்பும்போது.

தாமதத்துக்குக் காரணம் 'பிள்ளை தூங்கிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். "யார் பிள்ளை?" என்கிறார் மேனேஜர்.

என்ன சொல்லட்டும் மக்களே?