தலையாட்டினால் கேட்காது

ஞானம் அண்ணை காலமாகி இன்னும் முப்பத்தோராம் நாள்கூட ஆகவில்லை. அவருடைய நினைவு மலருக்கு, அவரோடு செய்த வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

அண்ணைக்குக் கண் தெரியாது. இங்கிலீசில் சோல் பாட்டும், கொஸ்பல் என்கிற சேர்ச் பாட்டும் பாடுகிறவர். பேஜர் அடித்தால் நான் வோபர்னில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் அவரைக் காரில் ஏற்றவேண்டும். மைக், ஸ்பீக்கர் பூட்டுவதும் என் வேலை.

"சாப்பிட்டியோடா?" என்று கேட்டார். தலையாட்டினேன். திரும்பக் கேட்டார். திரும்ப ஆட்டினேன்.

"தலையோ ஆட்டுறாய்?"

"ஓம் அண்ணை."

"நல்லா ஆட்டு. காத்து வருது."

2. சோலோ

ஜமேக்கா ஆக்களின் சேர்ச் பாட்டுக் குழுவில், கொயரில், அண்ணை மூன்று வருடமாகப் பின்வரிசை. தனியாக ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஒரு சனிக்கிழமை, கொயரை நடத்தும் சிஸ்ரர் பேர்ள் அவரைப் பாடிக் காட்டச் சொன்னார். பிடித்தால் ஈஸ்ரருக்குத் தனியாகப் பாடும் சோலோ அவருக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

ஞாயிறுகளில் அங்கே பாட்டு நடக்கும்போது சனம் எழும்பி "ஆமென்" என்று கத்தும். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் அண்ணை குரலை ஏற்றுவார். அன்றைக்கு வாங்குகளில் இருக்க ஒருவரும் இல்லை. கொயர் ஆக்கள் பின்னால் பேசாமல் நின்றார்கள். சிஸ்ரர் பேர்ள் பேனாவும் கையுமாக இருந்தார். இரண்டாவது வரியிலேயே அண்ணையின் குரல் இறங்கி, நின்றே போனது.

"எல்லாரும் எழும்பிப் போயிட்டினமோடா?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"ஆமென்" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். நான் நல்லூர்க் கோயிலடியில் வளர்ந்தவன். வந்தது வேறு.

"அரோகரா!"

சிஸ்ரர் பேர்ளின் பேனா நின்றது. "வட் இஸ் தற்?" என்னது என்று கேட்டார்.

"ரமில் ஆமென், சிஸ்ரர்," என்று அதைத் தமிழ் ஆமென் ஆக்கினார் அண்ணை, முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு.

"அரோஹாரா!" என்று சிஸ்ரர் கையைத் தட்டினார். பின்னால் நின்ற இருபது பேரும், "அரோஹாரா!" அண்ணை பாட்டைத் திரும்பப் பிடித்தார். கூரை போகிற மாதிரிப் பாடினார். ஈஸ்ரர் சோலோ அவருக்குத்தான்.

"பாவி, முருகனைப் பிடிச்சு எனக்கு சேர்ச்சிலை சோலோ எடுத்துத் தந்திட்டாய்," என்றார் காரில். "பாஸ்ரருக்குச் சொல்லிப்போடாதை."

3. இப்போது

இந்தக் கிழமை வேறொரு பாடகருக்கு மைக் பூட்டினேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். மேடையால் இறங்கி வந்தவர், "லைற் முகத்திலை அடிக்குது தம்பி. முன்னுக்கு ஆக்கள் இருக்கினமோ எண்டே தெரியேல்லை," என்றார். மேடைக்குக் கீழே நிற்கிறவன் வாயைத் திறக்கவேண்டும். யாருக்குப் பூட்டினாலும் அப்படித்தான். இந்த வேலையில் நான் படித்தது அவ்வளவுதான்.

கண் தெரிந்தவர்களுக்கும் தெரிவதில்லையாம் என்று அண்ணைக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று காரை அவர் வீட்டுப் பக்கம் திருப்பினேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.