மைதாக் கோடு போட்ட புல்வெளி

ஜெயலீலாவுக்குப் புல் பைத்தியம். அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய காப்பெல் ஊரின் தமிழ்க் குடும்பங்களில் இதைத் தெரியாதவர் கிடையாது. நாகர்கோவிலில் நர்சிங் படித்து, டாலஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதய வார்டையே கட்டி ஆள்கிறவள். மற்றவர்களைப் போல வீடு, கார், பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு என்று இருந்திருக்கலாம். அவளோ ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஆட்களைவிட மாடுகள் அதிகமாக வாழும் ஒரு கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி ஒன்றில், இருபது ஏக்கர் வாங்கிப் போட்டாள்.

நிலத்தில் பாதி மொட்டைச் சரிவு. யாரோ வருஷக்கணக்காகப் பருத்தி போட்டு மண்ணைச் சாகடித்திருந்தார்கள். மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போய்விடும். மறுபாதியில் ஏர் படவே இல்லை. அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு புல், குளிர் தொடங்கினால் செம்பு நிறமாகிவிடும். அது அந்த மண்ணுக்கே சொந்தமான புல், பருத்தி வருவதற்கு முன்பே இருந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் புல்லைச் சரிவு முழுக்கக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கணவர் ஞானசீலன் டெலிகாம் இன்ஜினியர். அவருக்கு அது வெறும் காடு. "பில்டர் நல்ல ரேட்டுக்குக் கேக்கறான். பேசாம வித்துடலாம் லீலா" என்று வாரம் தவறாமல் சொல்லுவார். மண்ணையும் பழைய புல்லையும் காப்பாற்ற நில உரிமையாளர்களுக்கு அரசாங்கமே செலவில் பாதி தருகிறது என்று தெரிந்து அவள் விண்ணப்பித்தபோது, இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. அரசாங்கம் சரி என்றால் நிலம் இருக்கும். இல்லை என்றால் பில்டருக்குக் கையெழுத்து.

தொண்ணூற்றேழு நவம்பரில் கவுண்டி ஆபீசிலிருந்து போன் வந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பழைய புல் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார்கள். ஜெயலீலா வார்டிலேயே ஒரு குதி குதித்தாள். பைபாஸ் ஆன நோயாளிகளெல்லாம் கைதட்டினார்கள்.

அதிகாரி வருகிற நாளுக்கு முந்தைய இரவு அவளுக்கு டியூட்டி. "நான் லீவ் போட்டுட்டு முன்னாடியே போயிடறேன். நீ டியூட்டி முடிச்சு நேரா டிரைவ் பண்ணி வந்துடு" என்றார் ஞானசீலன். அவர் இவ்வளவு அக்கறையாகப் பேசியதே அவளுக்கு அதிசயம்தான்.

காலையில் ஃப்ரீவேயில் பாடிக்கொண்டே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் பாட்டு நின்றது.

புல் இல்லை. ஏர் படாத அந்தப் பாதி முழுக்க மொழுமொழுவென்று வெட்டப்பட்டிருந்தது.

"என்னங்க! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ஞானசீலன் வாடகை டிராக்டரிலிருந்து இறங்கினார். சட்டை முழுக்கத் தூசி, முகம் முழுக்கச் சிரிப்பு. "நேத்து பூரா உட்கார்ந்து க்ளீன் பண்ணேன். எப்படி இருக்கு?"

விற்க வேண்டும் என்று சொன்னவர்தானே, வேண்டுமென்றே செய்துவிட்டாரா? கத்த வாயெடுத்தவள் அப்போதுதான் தரையைப் பார்த்தாள். கேட்டிலிருந்து உள்ளே வரை பாதையின் இருபுறமும் வெள்ளைக் கோடு. கோட்டின் முடிவில் ஒரு மேஜை, விரிப்பு, காபி ஃப்ளாஸ்க், தட்டு நிறைய முறுக்கு.

ஞானசீலனின் அப்பா ஊரில் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். கலெக்டர் வருகிறார் என்றால் முள்ளும் புதரும் ஒன்று விடாமல் வெட்டி, ரோட்டின் இருபக்கமும் வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த மனிதர்.

"சுண்ணாம்பு எங்கயும் கிடைக்கல. மைதா போட்டேன்" என்றார் பெருமையாக.

ஜெயலீலாவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. "ஐயோ, அந்தப் புல்லைப் பாக்கத்தானே அவங்களே வராங்க!"

ஞானசீலனின் முகம் செத்துப்போனது. அதற்குள் கேட்டில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

இறங்கிய டோனா என்ற அதிகாரி மைதாக் கோட்டைக் குழப்பத்தோடு பார்த்தார், ஆனால் மரியாதையாக அதை மிதிக்காமல் நடந்து வந்தார். வெட்டிய வயலில் மண்டியிட்டு அடிக்கட்டைகளை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு, "வெட்டியது எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஞானசீலன் குற்றவாளியைப் போலக் கொட்டகைக்குப் பின்னால் கைகாட்டினார். கலெக்டர் கண்ணில் படக்கூடாது என்று குப்பையை மறைப்பதும் அந்த ஊர்ப் பழக்கம்தான். செம்பு நிறத்தில் ஒரு புல்போரே அங்கே நின்றது.

டோனா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். பஞ்சு போன்ற விதைகள் உதிர்ந்தன. அவர் குரல் ஒரு படி ஏறியது. "வேர் அப்படியே இருக்கிறது, வசந்தத்தில் முளைத்துவிடும். இதில் இருப்பது இந்த மண்ணின் விதை. இதை வாங்க ஆட்கள் எங்கெங்கோ அலைகிறார்கள். அந்த மொட்டைச் சரிவில் இதை அப்படியே பரப்புங்கள். உங்கள் நிலத்தை நான் சிபாரிசு செய்கிறேன். யார் வெட்டியது?"

ஞானசீலன் பள்ளிக்கூடப் பையனைப் போல மெல்லக் கையைத் தூக்கினார்.

"சரியான நேரம் பார்த்து வெட்டியிருக்கிறீர்கள்" என்ற டோனா, முறுக்கு ஒன்றைக் கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டி மறைந்ததும் ஜெயலீலா கணவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "விக்கணும் விக்கணும்னு நச்சரிச்ச ஆளு, எதுக்குங்க நாள் பூரா இப்படி மாடா உழைச்சீங்க?"

ஞானசீலன் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டார். "அவங்க நோன்னு சொல்லிட்டா, அப்புறம் உன் முகத்தை யார் பாக்கறது?"

ஜெயலீலா டியூட்டி உடுப்போடு புல்போரிடம் போய், இரண்டு கை கொள்ளும் அளவுக்குப் புல்லை வாரிக்கொண்டு சரிவைப் பார்த்து நடந்தாள். ஞானசீலனும் கைநிறைய வாரிக்கொண்டு பின்னாலேயே போனார்.