மச்சானுக்கு விழாத ஓட்டு

ஆற்றோரத் தண்டவாளத்தில் ரயில் ஓடி எத்தனையோ வருடமாகிறது. எஃகு ஆலை மூடிய பிறகு அங்கே புல் முளைத்து, புல்லுக்குள் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் கிழமாகிவிட்டன. ஆனாலும் எமில் வ்ராபெல் தன் பள்ளிப் பேருந்தை அந்த இடத்தில் நிறுத்துவான். கதவைத் திறப்பான். இரண்டு பக்கமும் பார்ப்பான், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான், பிறகுதான் நகர்வான். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினால், “விதி இருக்கு” என்பான்.

அவன் யோக்கியன். இதைப் பாராட்டாகவும் சொல்கிறேன், எரிச்சலோடும் சொல்கிறேன். நான் அவனோடு பள்ளியில் படித்தவள். ஹார்லன் ஃபால்ஸ் தீயணைப்புக் குழுவின் கூடத்தில், ஊரார் கூடிக் குடிக்கும் இடத்தில், பியர் ஊற்றியே தலை நரைத்தவள்.

இளவயதில் எமில் எங்கள் ஊர் பேஸ்பால் அணியில் இரண்டாம் பேஸைக் காத்து நிற்பான். அவனுக்குப் பக்கத்தில், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே, ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றவன் ருடி மட்டுசெக். தரையோடு சீறி வரும் பந்தை ருடி ஒரு கையால் அள்ளி, பார்க்காமலே வீசுவான். எமில் அங்கே இருப்பான். ருடியின் தங்கை ஐரீனை எமில் கட்டிக்கொண்டதுகூட அந்தப் பழக்கத்தில்தான். “பந்தைத்தான் பாக்காம தருவேன், தங்கச்சியை நல்லாப் பாத்துத்தான் தர்றேன்” என்று ருடி கல்யாணத்தன்று சொன்னது ஊருக்கே தெரியும். ஆலை மூடியதும் எமில் பேருந்துக்குப் போனான். ருடி வீடுகளுக்குப் போய்க் கணப்பு உலை பழுது பார்க்கிறான்.

ஜனவரி வந்தால், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் வீரர்களின் பெரிய புகழ் மண்டபத்துக்கு யார் யார் தேர்வு என்று செய்தி வரும். அன்றைக்கு என் கூடத்தில் காது கிழியும்.

“சூதாடினான்னு அவ்வளவு பெரிய ஆட்டக்காரனை வெளிய நிறுத்தறதா? அவன் அடிச்ச அடி பொய்யா?” என்பான் முடி வெட்டும் டொமினிக் ஃபுஸ்கோ.

“அப்போ ஊசி போட்டு உடம்பை ஊத வச்சவனையும் உள்ள விடு. பாங்குல கொள்ளையடிச்சவன் எவனாவது இருந்தா அவனையும் விடு,” என்பான் செஸ்டர் பாலோ.

“ஆளைப் பாக்காதீங்கடா, விதியைப் பாருங்க,” என்பான் எமில்.

எங்களுக்கும் ஒரு சிறிய மண்டபம் உண்டு. மண்டபம் என்றால் பெரிய பேச்சு. கூடத்தின் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சுவர். ஊர் அணியில் நன்றாக ஆடியவர்களின் படத்தை அதில் மாட்டுவோம். பழைய ஆட்டக்காரர் நான்கு பேர் ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் இரண்டு பெயர் எழுதலாம். மூன்று ஓட்டு விழுந்தால் சுவர். ஒரு ஓட்டுகூட விழாதவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். மறுபடி சேர்க்க முடியாது. கூப்பர்ஸ்டவுனில் நூற்றுக்கு ஐந்து பேராவது போட வேண்டும் என்று இருக்கிறது. நாலு பேரில் நூற்றுக்கு ஐந்தை எங்கே போய்த் தேடுவது? அதனால் ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

ருடி பல வருடம் அந்த நால்வரில் ஒருவனாக இருந்தான். ஓட்டுப் போடுகிறவன் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஊரிலேயே சிறந்த ஆட்டக்காரன் வருடா வருடம் மற்றவர்களைச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. “நான் கண்ணை மூடறதுக்குள்ள உன் படத்தைப் பாப்பேனா, மாட்டேனா?” என்று அவள் கேட்கக் கேட்க, போன இலையுதிர் காலத்தில் பதவியை விட்டான். தன் இடத்துக்கு எமிலின் பெயரைச் சொன்னவனும் அவன்தான்.

ஓட்டெடுப்பு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். டொமினிக், செஸ்டர், தபால்காரன் ஹார்வி டீக், புதிதாக எமில் என்று நால்வர். யார் தகுதி, யார் இல்லை என்று முதலில் ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். ருடியின் பெயர் வந்ததும் எல்லோரும் எமிலைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நல்ல ஆட்டக்காரன்தான். ஆனா முதல் ரெண்டு வருஷம் தப்பு வீச்சு ஜாஸ்தி. கடைசி வருஷம் முழங்கால் வலின்னு பாதி ஆட்டம் வரலை. அதையும் நாம பாக்கணும்.”

செஸ்டர் சிரித்தான். “டேய், ரொம்ப நடிக்காதே! தானாடாவிட்டாலும் தன் தசையாடும். எழுதப் போறே, எங்களுக்குத் தெரியாதா?”

சீட்டுகளைப் பிரித்தவள் நான். எனக்கு ஓட்டில்லாததால் எண்ணும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கும் கஸ் பெட்ராகிஸுக்கு நான்கு ஓட்டு. மீதி நாலும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்தன. காலி டப்பாவைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். வேறு சீட்டில்லை. பலகையில் எண்களை எழுதுவது வழக்கம். ருடியின் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட என் கை கூசியது. வழக்கம் என்பதால் போட்டேன்.

ருடி பக்கத்து அறையில் சோடா குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து பலகையைப் பார்த்தான். ரகசிய ஓட்டு என்கிறார்கள்; பூஜ்யத்தில் என்ன ரகசியம்? யார் யார் போடவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லிவிடுகிறது. “கஸ்ஸுக்குக் கிடைச்சது நல்லதுதான்,” என்றான். கோட்டைப் போட்டுக்கொண்டான். “அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.”

கதவு மூடியதும் நால்வரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“நீ போடலையா?”

“நீங்கள்லாம் போடுவீங்கன்னு நான் ரெண்டாவது ஓட்டைப் பாவம்னு வில்லார்டுக்குப் போட்டேன்,” என்றான் டொமினிக். ஹார்வியும் அதையே வேறு பெயரோடு சொன்னான்.

செஸ்டரின் முகம் சிவந்திருந்தது. “எமில் கட்டாயம் போடுவான், இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் நாலும் சேத்துப் போட்டுடலாம்னு இருந்தேன். டேய், நீ அவன் மச்சான்டா!”

“அதனாலதான் போடலை,” என்றான் எமில். “முத தடவை இங்க உக்காந்திருக்கேன். எடுத்த எடுப்புல மச்சானுக்குப் போட்டான்னு நீங்களே பேசியிருப்பீங்க. நீங்க மூணு பேரும் போட்டாலே போதுமேன்னு...”

மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் எமில் மேல்தான் அதிகம். “பேசினா என்னடா? எங்க பேச்சு உன்னைக் கடிச்சா தின்னுடும்?” என்று கேட்டேன்.

செஸ்டர் விதியை மாற்றலாம் என்றான். அது எல்லோருக்கும் தோன்றியதுதான். ஆனால் மாற்ற நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும், தீயணைப்புக் குழு ஒப்ப வேண்டும். அடுத்த நாளே ருடியிடமிருந்து தொலைபேசி வந்தது. எனக்காக விதியைத் தொட்டால் அந்தச் சுவர்ப் பக்கமே வரமாட்டேன் என்றான். கதை முடிந்தது.

ஐரீன் புருஷனோடு சண்டை போடவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். இதை அவளே என்னிடம் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் எமிலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் இளைத்துப் போனான். கூடத்துக்கு வந்தாலும் கழிப்பறைப் பக்கம் போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் ருடியின் பட்டறைக்குப் போனான். போனவன் திரும்பும்போது என்னிடம் வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னான்.

“தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேன், லொரெய்ன். அவன் உலையைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். மச்சானுக்குப் போட்டான்னு பேசுவாங்கன்னு பயந்துட்டேன்னேன். ‘பேசட்டுமேடா, எனக்கு அது ஒண்ணே போதுமே’ங்கிறான். ‘சுவத்துக்கு வரலைன்னாகூட, ஒண்ணுன்னு எழுதியிருந்தா அம்மாகிட்ட தைரியமா சொல்லியிருப்பேனே’ங்கிறான்.”

“அம்மாகிட்ட என்ன சொன்னானாம்?”

எமில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். “ஒண்ணுன்னு சொல்லிட்டானாம். நான் போட்டதாவும் சொல்லிட்டானாம். வந்து கேட்டா இல்லேன்னுடாதேடாங்கிறான்.”

எமில் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழாம் வகுப்பில் வாத்தியார் கேட்கும் முன்னாலேயே “ஜன்னலை உடைச்சது நான்தான்” என்று கை தூக்கியவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ருடியின் அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் என்னையும் சேர்த்து. கோழி சூப், முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த இறைச்சி, கடைசியில் வால்நட் அடைத்த ரொட்டிச் சுருள். ருடி தலை நிமிராமல் சாப்பிட்டான். ஐரீன் எமிலுக்கு எதிரே உட்காராமல் ஓரமாக உட்கார்ந்தாள். கிழவி ரொட்டிச் சுருளில் நடுத்துண்டாக, அடைப்பு பிதுங்குகிற துண்டாகப் பார்த்து வெட்டி, எமில் தட்டில் வைத்தாள்.

“எனக்கா அத்தை? ருடிக்கு வைங்க.”

“அவனுக்கு என்ன அவசரம்? நீ தின்னு. அந்த மூணு பேரும் என் வாசப்படி மிதிச்சா துடைப்பத்தாலேயே சாத்துவேன். என் பையன் ஆட்டத்தைப் பாத்துக் கை தட்டின பசங்க! நீ ஒருத்தன்தான்யா மனுஷன். உனக்குப் பொண்ணைக் கொடுத்தது வீண் போகலை.”

ஐரீன் தட்டோடு எழுந்து சமையலறைக்குள் போனாள். எமில் ரொட்டியைக் கையில் எடுத்தான், வாயில் வைக்கவில்லை.

கிழவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு விழுந்தா பட்டியல்ல இருக்கும்னு ருடி சொல்லியிருக்கான். நான் அடுத்த ஜனவரி வரைக்கும் எப்படியாவது இருந்துடுவேன். நீ மறுபடியும் போடணும். அந்தத் தடியன்கள்கிட்டயும் எடுத்துப் பேசணும். பேசுவியா, போடுவியா?”

எமில் ருடியைப் பார்த்தான். ருடி சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடுறேன் அத்தை,” என்றான் எமில்.

“அப்போ சாப்பிடு,” என்றாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை கையை விடவில்லை.