ராணியக்கா தேர்தலில் நிற்கிறார்

இன்று லண்டன் இல்ஃபோர்டில் மீன் வாங்கப் போனோம், நானும் எங்கள் மாதச் சீட்டை நடத்தும் ராணியக்காவும்.

வங்காளதேசக் கடைக்காரர் மீனை வெட்டியபடியே தங்கள் ஊர்ப் பொருளியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அடகில்லாமல் சின்னச் சின்னக் கடன் கொடுத்தவராம். பிறகு அரசியலுக்கு வந்து நாட்டையே நடத்தினாராம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "உந்த வேலையைத்தானே நானும் இவ்வளவு காலமாச் செய்யிறன்?"

பஸ் ஏறுமுன் கவுன்சில் தேர்தலில் நிற்பதென்று முடிவாகிவிட்டது. சீட்டு வாட்ஸப் குழுவில் அறிவித்தார். இறங்குவதற்குள் அத்தனை பேரும் ஆதரவு.

"எல்லாரும் உடனேயே ஓமெண்டிட்டினமே, எப்பிடியக்கா?"

"இந்த மாசச் சீட்டுக்காசு ஆருக்கெண்டு நான் இன்னும் சொல்லேல்லை."

பிரசாரப் பொறுப்பாளர் நான்தான். எனக்கும் இன்னும் சீட்டு விழவில்லை.

சின்னம் என்ன வைக்கலாம், சொல்லுங்கோ.