இரண்டாவது ஜாய்ஸ்டிக்

மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்த அன்று பின்னேரமே என் மனைவி அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"இந்த அறைய ஒழிச்சித் தாங்க. மாப்பிள்ளைக்கு இதுதான் சரி. நல்ல காத்தும் வரும், ஹோலுக்கும் பக்கம்."

அறைக்குள் இருந்தது நானும் என் பழைய கேம் மெஷின்களும். ஒழிக்கச் சொன்னது எங்கள் இரு தரப்பையும்தான். "சரி" என்றேன். நான் முந்தல் பக்கம் ஒரு இறால் பண்ணையில் ஸ்டோர் பார்க்கிறவன். பஸ்ஸில் நின்றுகொண்டு போய் நின்றுகொண்டே திரும்பி வருகிறவனுக்கு, வந்து சண்டை பிடிக்க உடம்பில் மிச்சம் இருப்பதில்லை.

சண்டை பிடிக்க உரிமையும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிக்கிறவன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். இந்த வீடு முதலில் என் மாமியுடையது, பிறகு மனைவியுடையது, இனி மகளுடையது. மூன்று காலத்திலும் நான் இதற்குள் இருக்கிறேன். ஓடு மாற்றியது நான், கிணறு இறைப்பித்தது நான், பெயின்ட் அடித்தது நான். ஆனால் எந்தக் காலத்திலும் இது என் வீடு இல்லை. குறை சொல்லவில்லை. பெண் பிள்ளை நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் செய்த நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாட்டுக்குள்ளும் ஒரு மனிதனுக்குக் கால் நீட்ட ஒரு மூலை வேண்டுமே என்பதுதான் என் வழக்கு. இந்த அறை போனால் மெஷின்களுக்கு இடமில்லை. மெஷின்கள் போனால் இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல என் சேர்ட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது அகதி முகாமில்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது நான் சின்னவன். அகதிக்கு ஆகாயமே துணை என்பார்கள். எங்களுக்கு ஆகாயத்துக்குக் கீழே ஓலைக் கொட்டில் ஒன்றும் கிடைத்தது. ஊர்க்காரர் நல்லவர்கள், சோறு தந்தார்கள், துணி தந்தார்கள். எங்களுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். கிணற்றடியில், கடையில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் நாங்கள் "வந்த ஆக்கள்". கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வேறு எப்படித்தான் சொல்வது? வந்திருந்தோம்தானே.

முகாமை ஒட்டி ஒரு கல் வீடு. அந்த வீட்டுப் பொடியன் என் வயதுக்காரன், அவனுடைய வாப்பா சவூதியில். அங்கிருந்து வந்த பெட்டியில் ஒரு நாள் சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. டீவியில் பூட்டி, கேசட்டைச் செருகி, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் டீவிக்குள் இருப்பது நாம் சொன்னபடி நடக்கும். கொட்டிலில் கரண்ட் இல்லாத எங்களுக்கு டீவியே அதிசயம். அது நம் சொல் கேட்கிறது என்றால்?

டாங்கி கேம்தான் எல்லோருக்கும் பிடித்தது. கீழே செங்கல்லால் கட்டின ஒரு சின்ன வீடு இருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். இரண்டு பேர் சேர்ந்து அந்த வீட்டைக் காக்க வேண்டும். கேசட் மக்கர் பண்ணினால் வீட்டுக்காரப் பொடியன் அதைக் கழற்றி, பிஸ்மி சொல்லி, நோயாளிக்கு ஓதி ஊதுவதுபோல உள்ளே ஊதுவான். பிறகு வேலை செய்யும். அவனுடைய ஊதலில்தான் அல்லாஹ்வின் பறக்கத் இருக்கிறது என்று நாங்கள் உண்மையிலேயே நம்பினோம்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. முதல் ஜாய்ஸ்டிக் வீட்டுக்காரனுக்கு. அவனுடைய மச்சான்மார் யாரும் வராத நாளில் இரண்டாவது எனக்கு. அந்தக் காலத்து மெஷின்களில் இரண்டும் ஒன்றில்லை. தொடங்குகிற பட்டன் முதலாவதில் மட்டும்தான் இருக்கும், நிறுத்துகிறதும் அதே பட்டன்தான். இரண்டாவதைப் பிடித்தவன் சுடலாம், ஓடலாம், சாகலாம். தொடங்க முடியாது. அவனுடைய உம்மா சோற்றுக்குக் கூப்பிட்டால் அவன் பட்டனை அமர்த்திவிட்டு எழுந்து போவான். என் டாங்கி நின்ற இடத்திலேயே நிற்கும். நானும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி, உள்ளேயிருந்து வரும் மீன் ஆணத்தின் வாசத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

அந்தக் காத்திருப்பு எனக்குக் கசக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு புத்தளம் டவுனில் கேம் கடைகள் வந்தன, மணித்தியாலக் கணக்கில் விளையாடினோம், மீசை முளைத்தது, வேலைக்குப் போனேன். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது என் கையில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. இரண்டு சாரம், இரண்டு சேர்ட், ஒரு சவரப் பெட்டி. அதை எங்கே வைப்பது என்று கேட்க வெட்கப்பட்டு, கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மாமி கூட்டும்போது கண்டு, "இது ஆர்ர பேக்?" என்று வீட்டுக்கே கேட்கச் சத்தம் போட்டார். என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் மெஷின் கிடைத்தது முந்தலில், பழைய இரும்பு வாங்குகிற கடையில். பஸ்ஸுக்கு நின்றவன் சும்மா எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த ஃபேன்களுக்கு நடுவில் அந்தச் சாம்பல் நிறம் கிடந்தது. கடைக்காரர் சிங்களத்தில் "அது பிள்ளைகளின் சாமான் மாத்தயா, உடைந்தது" என்றார். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காக ஒரு தகப்பன் நடுரோட்டில் அழலாமா? கொஞ்சம் அழுதேன்.

அதற்குப் பிறகு தேடித் தேடிச் சேர்த்தேன். ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் தட்டை டீவிகளுக்கு மாறியபோது, முதுகு புடைத்த பழைய டீவி ஒன்றை த்ரீவீலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பழைய மெஷின்களுக்குப் பழைய டீவிதான் ஒத்துப் போகும். தட்டை டீவியில் போட்டால் படம் ஆளை மதிக்காது. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு கெழவனையும் கூட்டி வந்திட்டீங்களா?" என்றாள்.

சேர்த்ததைக் காப்பாற்றுவது தனி வேதனை. பக்கத்துக் கடற்களப்பிலிருந்து வருகிற உப்புக் காற்று இரும்புக் கேட்டையே தின்னும், செப்புக் கம்பியை விடுமா? ஒரு மெஷினைத் துடைத்து முடித்தால் மற்றதில் பச்சை பூத்திருக்கும். இரவில் கண் வலிக்கும், விரல் மரத்துப் போகும். உண்மையைச் சொன்னால், விளையாடியது குறைவு. ஒரு மெஷினைத் தேடி அலைகிற சந்தோஷம் மாதக்கணக்கில் இருக்கும். கிடைத்த பிறகு கால் மணித்தியாலம்தான். தோற்றுவிட்டு ஜாய்ஸ்டிக் சரியில்லை என்பேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று சமையலுக்கு நடுவில் இருந்து பதில் வரும்.

ஆனாலும் அந்த அறைக்குள் மட்டும் முதல் ஜாய்ஸ்டிக் என் கையில் இருந்தது. நான் தொடங்கினால் தொடங்கும். நான் நிறுத்தினால் நிற்கும். இரண்டாவதை வயரைச் சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். மகள் சின்னதில் சில நாள் அதைப் பிடித்தாள். பிறகு அவளுக்குப் போன் போதும் என்றாகிவிட்டது.

நாள் நெருங்க, விற்றுவிடலாம் என்று ஒரு புத்தி வந்தது. ஃபேஸ்புக்கில் படம் போட்டேன். சிலாபத்திலிருந்து ஒரு இளைஞன் மோட்டர் சைக்கிளில் வந்தான். ஒவ்வொன்றையும் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தான். "எல்லாம் மஞ்சளாகிட்டு அங்கிள். பார்ட்ஸுக்கு எண்டா எடுக்கலாம்" என்றான். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. விற்கிறதுக்கு இல்லை என்று சொல்லி, ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பினேன். அவன் போன பிறகு நானும் என் கையைப் பார்த்தேன். அதுவும் பார்ட்ஸுக்குத்தான் ஆகும் போலிருந்தது.

கடைசியில் குசினிக்குப் பின்னால் தேங்காய் போடுகிற சின்ன அறைதான் கிடைத்தது. பண்ணையிலிருந்து வெறும் தீன் சாக்குகள் கொண்டுவந்து, மெஷின்களைச் சேலைத் துணியில் சுற்றி உள்ளே இறக்கினேன். சாக்கில் இறால் தீன் நாற்றம். டீவியைத் தூக்க எனக்குத் தனியே முடியவில்லை. மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து, "கோவமா?" என்று கேட்டாள்.

"இல்ல. களைப்பு."

"எனக்கும்தான்" என்றாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த அறைக்குள் மருமகன் வந்தார். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டலில் வேலை. நல்ல பிள்ளை. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அறையைப் பறித்தவர் என்ற ஒரே காரணம்தான், வேறொன்றும் இல்லை. அவரோ கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். "ஃபேனப் போடலாமா மாமி?" என்று என் மனைவியிடம் கேட்டுத்தான் போட்டார். தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனால், வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. தாகம் எடுத்தால் போய்க் குடிக்க வேண்டியதுதானே?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தேன். கேட்டுக்கு வெளியே மோட்டர் சைக்கிளில் கயிற்றால் கட்டின ஒரு கார்ட்போர்ட் பெட்டி. அவர் அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே போகவில்லை.

"என்ன மருமகன், வெயிலுக்க நிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல மாமா." பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "இது எண்ட சாமான். கல்யாணத்துக்குப் பொறகு கூட்டாளிர கடையிலதான் வெச்சிருந்த. அவரு கடைய மாத்துறாரு. அதான்... இத எங்க வைக்கலாம் மாமா?"

"என்ன அது?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மூடியைத் திறந்து காட்டினார். சொஃப்ட்போல் கிரிக்கெட் மேட்ச்களில் கொடுக்கிற தங்க நிறப் பிளாஸ்டிக் கப்புகள். சிலவற்றில் கைப்பிடி இல்லை. டேப் சுற்றின ஒரு பேட் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "சும்மா சின்னப்புள்ள சாமான். வீசவும் ஏலாம கிடக்கு" என்றார்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த சொப்பிங் பேக் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை நாளாக இந்த மனிதன் மேல் வைத்திருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

"தூக்குங்க" என்றேன்.

தேங்காய் அறைக்குக் கூட்டிப்போனேன். சாக்குகளை ஒரு பக்கம் தள்ளி, சுவர்த் தட்டு ஒன்றைக் காலியாக்கி, கப்புகளை வரிசையாக வைத்தோம். பேட்டை மூலையில் சாத்தினோம். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது ஆர்ர அறை மாமா?" என்று கேட்டார்.

"வந்த ஆக்கள்ற அறை."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு சாக்கைக் காட்டி, "இது என்ன?" என்றார். அவிழ்த்தேன். சாம்பல் நிற மெஷின் இறால் நாற்றத்தோடு வெளியே வந்தது.

"வேலை செய்யுமா?"

"தெரியா. போட்டுப் பாத்து நாளாச்சு."

டீவியைப் பூட்டினோம். படம் வரவில்லை. கேசட்டைக் கழற்றி, பிஸ்மி சொல்லி ஊதினேன். ஒரு நடுக்கத்தோடு வந்தது, அதே செங்கல் வீடு. தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு சாக்கில் உட்கார்ந்தோம். இந்த முறை அவர் நுனியில் உட்காரவில்லை. சாக்குக்கு நுனி கிடையாது.

லாச்சியிலிருந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கும் அந்தச் சாக்குக்குள்தான் இருந்தது. சுற்றியிருந்த வயரை அவிழ்த்தேன். இரண்டும் என் மடியில். ஒரு வீடு கை மாறுவதற்கு எத்தனையோ கையெழுத்து, சாட்சி, சாப்பாடு எல்லாம் நடந்து முடிந்திருந்தது. எனக்கு இது மட்டும் மிச்சமிருந்தது.

முதலாவதை அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க தொடங்குங்க மாமா" என்றார்.

"இதில அந்தப் பட்டன் இல்ல மருமகன்" என்றேன். "நீங்கதான் தொடங்கணும்."