முதலைக்கு என்ன லாபம்?

எழுபதுகளின் நடுவில் நானும் அண்ணனும் பேச்சை நிறுத்தி நான்கு வருஷமாகியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் இருவர் நிலத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் என் முறை. ஒரு கோடையில் என் முறையிலும் அவரே தண்ணீர் இறைத்துக்கொண்டார். என் நாற்று கருகிப்போயிற்று. அன்றிலிருந்து என் முறை முடிந்ததும் மோட்டாரின் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்பார். வேண்டுமென்றே தாமதமாகக் கொடுப்பேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் சோறு இறங்காது.

அந்தப் புரட்டாசியில் என் மனைவி, தினமும் கொஞ்சம் புராணம் படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் கடமைக்குக் கடகடவென்று படித்துக்கொண்டே போனேன். யானையின் காலை முதலை கவ்விய இடம் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இருங்க. அந்த முதலை ஏன் வுடமாட்டேங்குது?"

"கதைம்மே அது."

"கதைதான். யானைய அதால முழுங்க முடியாது. அத்தினி வருசமா புடிச்சிகினே கீதே, அதுக்கு இன்னா லாபம்?"

புத்தகத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாக உட்கார்ந்து அதே பக்கத்தைத் திறந்தேன். நான்கு வரி படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த நாளும் அதே நான்கு வரி. அதுவரை நான்தான் யானை, அண்ணன்தான் முதலை. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஏழெட்டு நாள் போயிருக்கும். கண் மூடியிருந்தபோது தாடை வலித்தது. பல்லோடு பல் அழுந்த இறுக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கவ்விக்கொண்டிருப்பது நான்தான்.

கதையின் முடிவுக்குப் போனேன். பகவான் வந்தபோது யானை மட்டும் மீளவில்லை, முதலைக்கும் சாபம் தீர்ந்தது. எத்தனையோ முறை படித்த கதை. அந்த வரியில் நான் நின்றதே இல்லை. நெஞ்சில் ஏதோ தளர்ந்து, மூச்சு தாராளமாக இறங்கியது. கொஞ்ச நேரம் அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

அன்று என் முறை முடிந்ததும் கட்டைகளைப் பிடுங்கவில்லை. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணனே வந்தார்.

"கட்ட எங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"போர்டுலயே கீதுண்ணா. இனிமே அங்கியே இருக்கட்டும்."

அவர் போய் மோட்டாரைப் போட்டார். மூன்றாம் நாள் தெருவில் என்னை நிறுத்தி, "கடைசி ஒரு மணி நேரத் தண்ணிய உன் பக்கம் திருப்பி வுட்டுட்டேன்டா. போய்ப் பாரு" என்றார்.

பழையபடி ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. மனம் அதற்கு முன்பே அடங்கிவிட்டிருந்தது. அந்தப் புரட்டாசி முடிந்தபோது அந்தக் கதைக்கு அப்புறம் அதிகம் நகர்ந்திருக்கவில்லை. தினம் நான்கு வரிதான். "இன்னிக்கு எதுல நிக்கிறீங்க?" என்று காலையில் மனைவி கேட்பாள். சொல்வேன். அவளும் வேலைக்கு நடுவில் அதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.