நிரை தாண்டிய பத்து வினாடி

1994ஆம் ஆண்டு செப்டெம்பர் 28, புதன்கிழமை, பிற்பகல் மூன்று முப்பத்தைந்து, தூறல். நனைந்த தார்த்தரையிலிருந்து எழும்பும் சூட்டு வாசனையும், ஈரத்தில் கனத்துப்போன பந்து தரையில் விழும்போது எழும் மந்தமான ஓசையும் இன்றும் எனக்கு அந்த நாளைத்தான் கொண்டுவருகின்றன. எனக்கு இப்போது வயது நாற்பத்தாறுதான் என்றாலும், படி எண்ணி ஏறுவதையும் மாத்திரை எண்ணி விழுங்குவதையும் பார்த்து வீட்டில் என்னைக் கிழவன் என்றே கூப்பிடுகிறார்கள். கிழவன் எண்ணுகிறவன்தான், அந்தப் பருவத்தில் எங்கள் அணிக்கு அதுவே தேவையாக இருந்தது.

பதுளையில் எங்கள் பாடசாலைக் கூடைப்பந்து அணியில் ஆறு பேர், அதில் மூவர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, போனவர்கள்: நான், என் அடுத்த வீட்டு மாதவன், அவன் சித்தப்பா மகன் குமார். பந்தை வளையத்தில் போடத் தெரிந்தவன் மாதவன் ஒருவன்தான். மற்றவர்கள் பத்து முறை எறிந்தால் இரண்டு விழும், நான் எண்ணியிருக்கிறேன். ஆனால் மலையேறிப் பழகிய கால்களுக்கு மூச்சு வாங்காது. அதனால் எங்கள் விளையாட்டு ஆசிரியர், யாழ்ப்பாணப் பக்கத்துக் கரவெட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர், எங்களை வளையத்தடியில் போய் நின்று காக்க விடவில்லை. எதிரணி பந்தைக் கையில் எடுத்த இடத்திலேயே, அவர்களுடைய எல்லைக்கோட்டிலேயே, ஐந்து பேரும் மேலே விழுந்து நெருக்க வேண்டும். பத்து வினாடிக்குள் அவர்கள் நடுக்கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து நமக்கு. அவர் அதை "ஃபுல் கோர்ட் பிரஸ்" என்றார். நாங்கள் "நிரை புடிக்கிறது" என்றோம்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணி ஆளுக்கொரு நிரை, அதாவது தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை, பிரித்துக் கொடுப்பார். ஒருத்தியின் நிரையில் இன்னொருத்தி கை வைத்தால் அன்று மலை முழுக்கச் சண்டைதான். நாங்களும் மைதானத்தை அப்படியே நீளவாக்கில் பிரித்துக்கொண்டோம். முதல் ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவன் குமாரின் பக்கமிருந்து என் பக்கத்துக்கும், என் பக்கமிருந்து மாதவன் பக்கத்துக்கும் குறுக்காகவே ஓடினான். அவன் அடுத்த நிரைக்குள் போனதும் நான் நின்றுவிட்டேன். நாற்பத்தொன்றுக்குப் பதினேழு என்று தோற்றோம்.

"ஏன்ரா அவனை விட்டனி?" என்றார் ஆசிரியர்.

"அது மாதவன் நிரைங்க சேர். நான் எப்படிப் போறது?"

"போனா என்ன, மாதவன்ர அம்மா வந்து உன்னை அடிப்பாவோ?"

"அடிப்பாங்க சேர்," என்றான் மாதவன். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த மூன்று ஆட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை தாண்டக் கற்றோம். பந்தோடு ஒருவன் மூலைக்கு வந்தால் இரண்டு பேர் போய் அவனை அடைப்போம், நான் உரக்க எண்ணுவேன். மூன்றிலும் வென்றோம். ஆனால் இந்த நெருக்கலில் தவறுகள் அதிகம். ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நிற்கும், ஆட்டம் நீளும். எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸோ ஐந்தே கால். யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் இருட்டில் ரோட்டில் போகும் தமிழ்ப் பையனை நிறுத்தி விசாரிப்பார்கள். பதினாறு நிரம்பாத எனக்கு அடையாள அட்டையும் கிடையாது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா ஒரே நிபந்தனையோடுதான் என்னை ஆட விட்டார். "பஸ்ஸ விட்டுட்டு இருட்டுல வந்தீன்னா, அன்னைக்கோட பந்து முடிஞ்சுது. பொறகு அழுது பொரளக் கூடாது."

அந்தப் புதன்கிழமை மூன்று முப்பத்தைந்துக்குத் தொடங்கியது ஐந்தாவது ஆட்டம், நகரத்தின் பெரிய பாடசாலையோடு. நடுவில் தூறல் வலுத்து, சாக்கு போட்டுத் தரையைத் துடைக்கப் பதினேழு நிமிடம் போயிற்று. விசில்களும் சேர்ந்துகொண்டன. குமார் ஒரு பந்தைப் போட்டு முப்பத்திரண்டுக்கு முப்பத்து மூன்று என்று ஆனபோது மிச்சம் நாற்பது வினாடி. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். மணி ஐந்து பதினான்கு. ஆறாமவன் கால் பிசகி உட்கார்ந்திருந்ததால், நான் போனால் நான்கு பேர்தான் மிச்சம்.

மைதானத்துக்குக் கீழே ரோட்டில் பஸ் வந்து நின்றது. கண்டக்டருக்கு எங்களைத் தெரியும். மிதிபலகையில் நின்று, "தம்பி! வாறதா, இல்லையா?" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பந்தை வாங்கிய பையன் என் பக்கத்தில் புகுந்துவிட்டான்.

"டேய், பஸ்ஸப் பாக்காதடா, பந்தப் பாரு!" என்றபடி மாதவன் தன் இடத்தை விட்டு ஓடி வந்தான்.

நான் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டினேன். இரண்டு பேருமாக அந்தப் பையனை நடுக்கோட்டுக்கு ஓரடி முன்னால், ஓரக்கோட்டோடு அடைத்தோம். கையை மேலே தூக்கிக்கொண்டேன்; அவன் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்னால் பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. பத்து என்றேன். நடுவர் விசிலை ஊதினார். பந்து எங்களுக்கு. மாதவன் எறிந்தது வளையத்தின் விளிம்பில் இரண்டு முறை குதித்து உள்ளே விழுந்தது. மிச்ச வினாடிகளிலும் நெருக்கினோம். முப்பத்து நான்குக்கு முப்பத்து மூன்று.

ஆசிரியர் புள்ளித்தாளின் பின்பக்கத்தில் எங்கள் மூவர் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஓடாதேங்கோ. ஓடினாத்தான் சந்தேகப்படுவினம். நடந்து போங்கோ." சோதனைச் சாவடியில் எங்களைப் பதினொரு நிமிடம் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்து, இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று சிங்களத்தில் கேட்டார். மாதவன் வென்ற பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். தாளை மடித்துக் கொடுத்து, போகச் சொன்னார்.

ஏழு இருபதுக்குத் தோட்டத்து வளைவில் அம்மா டார்ச்சோடு நின்றார். வெளிச்சத்தை மூன்று முகத்திலும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, சேற்றைத் துடைத்து, தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"சொன்னேன்ல?"

"சொன்னீங்கம்மா."

மூன்று நாள் கழித்து, சோறு போடும்போது, "செயிச்சீங்களா?" என்று கேட்டார். ஒரு புள்ளியில் என்றேன். "ஒண்ணே ஒண்ணா?" என்று சொல்லிவிட்டு, மீன் துண்டு இன்னொன்று வைத்தார். பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் ஆசிரியர்களின் வாகனங்கள் நிற்கின்றன; போன மாதம் எண்ணினேன், பதினான்கு. வளையக் கம்பம் இருந்த குழியைச் சிமெந்து போட்டு மூடிவிட்டார்கள். விதியும் மாறிவிட்டது, நடுக்கோட்டைத் தாண்ட இப்போது எட்டு வினாடிதானாம். எட்டாக இருந்திருந்தால் பஸ்ஸுக்கு ஓடியிருக்கலாமோ என்று சில நாள் கணக்குப் போடுகிறேன், ஓடியிருக்க முடியாது, ஆட்டம் முடிய அப்போதும் வினாடிகள் மிச்சம். அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள். ஐந்தாவதோடு நான் நின்றேன், பிறகு எப்போதும் ஆடவில்லை. மாதவனும் மற்றவர்களும் ஆடியதை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பாதியில் எழுந்து ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பத்து வினாடிக்கு நான் கொடுத்தது ஆறு மைல் நடை, நான்கு ஆட்டங்கள்.